சைடுகாரில் உட்கார்ந்து பார்த்த இல்போ

இல்போ ஹௌதாகோஸ்கிக்கு நன்றி சொன்னால் பிடிக்காது. சொன்னால், "சரி சரி, காப்பி ஆறுது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால்தான் எழுதி வைக்கிறேன். படிக்கட்டும், நன்றாக முகம் சிவக்கட்டும்.

எங்கள் குவோர்தானே ஊரின் ஏரிக்கரையில் பழைய பால்பண்ணைக் கட்டடம்தான் அவருடைய பட்டறை. காகித ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஆலையை மூடியபோது மற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். இவரோ எங்கிருந்தோ ஒரு பழைய சோதனை இயந்திரத்தை வாங்கிவந்தார். பைக்கின் பின்சக்கரத்தை அதன் உருளைமேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டரில் திருத்துவார். ஆள் மலை மாதிரி இருப்பார். குரல் மட்டும் கீச்சென்று இருக்கும். "எத்தனை குதிரைசக்தி வரும்?" என்று கேட்டுக்கொண்டு எவனாவது வந்தால், "குதிரை வேணும்னா பண்ணைக்குப் போ" என்பார்.

என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் மார்ட்டிக்கு பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. நாள் முழுக்க ஜன்னலோரம் நாற்காலியில் இருப்பார். அவர் முகம் மலர்வது ஒரே ஓர் இடத்தில்தான், என் பைக்கின் பக்கத்தில் ஒட்டி ஓடும் சைடுகார் இருக்கையில். எங்கள் ஊர்க் கோடை கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதை விட்டால் மறுபடி பனி, மறுபடி நாற்காலி.

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு பைக் சங்கத்துக்காரர்கள் புதுச் சைலன்சரும் அகலமான காற்று வடிகட்டியும் வாங்கித் தந்தார்கள். நானே மாட்டினேன். சைலன்சருக்குள் இருந்த சத்தத் தடுப்பையும் கழற்றி எறிந்தேன். அதோடு விட்டேனா? இணையத்தில் யாரோ போட்டிருந்த பெட்ரோல் அளவுகளை இறக்கி வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வண்டி மெதுவாகப் போகும்போது விக்கல் எடுத்தவன் மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. முதல் சுற்றிலேயே மார்ட்டி இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். மறுநாள் சைடுகாரைப் பார்த்ததும் மாட்டேன் என்று தலையை ஆட்டி, இடது கையால் வீட்டைக் காட்டினார்.

நேரே இல்போவிடம் ஓடினேன்.

"ஏம்மா ஹில்க்கா, காத்து உள்ள வர்ற வழியையும் அகலப்படுத்திட்ட, புகை வெளிய போற வழியையும் அகலப்படுத்திட்ட. பெட்ரோல் மட்டும் பழையபடி சொட்டு சொட்டா ஊத்துனா? பட்டினி போட்டுட்டு ஓடு ஓடுன்னா எது ஓடும்?"

"அதுக்குத்தான் இணையத்துலேர்ந்து..."

"அது எவன் பைக்குக்கோ எழுதுனது. பக்கத்து வீட்டுக்காரன் கண்ணாடியப் போட்டுக்கிட்டு பேப்பர் படிப்பியா நீ?"

சைடுகாரைக் கழற்றிவைத்து, புகைக்குழாயில் சென்சாரைத் திருகி, வண்டியை உருளைமேல் ஏற்றினார். வேகம் கூட்டும் கைப்பிடியான திராட்டிலை எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு பெட்ரோல் என்று கட்டம் கட்டமாகத் திருத்தினார். வண்டி வெண்ணெயாக ஓடியது. சைடுகாரை மறுபடி மாட்டிக்கொண்டு நான் துள்ளிக் குதித்து வீட்டுக்குப் போனேன்.

மார்ட்டி அரை மைல்கூட உட்காரவில்லை. மறுபடியும் நடுக்கம், மறுபடியும் தலையாட்டல். என்ன என்று கேட்டால் சொல்ல வாய் வரவில்லை. இனிமேல் ஏறவே மாட்டாரோ என்று நினைத்தேன். கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. பட்டறைக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு நுழைந்தேன்.

"யோவ், என்னய்யா சரி பண்ண? அவரு ஏறவே மாட்டேங்குறாரு!"

இல்போ கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "உனக்கு வண்டி எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு."

"நீ உக்கார்ற எடத்துலேர்ந்து சொல்ற. அந்த மனுஷன் உக்கார்ற எடத்துல நான் உக்காந்து பாக்குறேன். அவரைக் கூட்டிட்டுப் போற ரோட்டுலயே ஓட்டு."

அந்த உடம்பைச் சைடுகாருக்குள் நுழைப்பதற்குள் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, மடியில் லேப்டாப்.

"சிரிக்காத! தள்ளு!"

தள்ளினேன்.

ஏரிக்கு இறங்கும் சரிவில் வழக்கம்போல், முறுக்கியிருந்த திராட்டிலை முழுக்கத் தளர்த்தி விட்டேன். டப், டப், டடப் என்று சைலன்சர் வெடித்தது. எங்கள் சங்கத்தில் எல்லாருக்கும் உயிரே அந்தச் சத்தம்தான். நானும் அதற்காகவே சரிவுகளைத் தேடிப் போகிறவள். இல்போ கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது.

"ஹில்க்கா, எறங்கு. நீ இங்க உக்காரு. நான் ஓட்டுறேன்."

உட்கார்ந்தேன். சைலன்சர் வலது பக்கம், சைடுகாரும் வலது பக்கம். குழாயின் வாய் என் இடது காதுக்கு ஒரு முழம்கூட இல்லை. சரிவில் இறங்கியபோது யாரோ காதோரம் துப்பாக்கி சுடுவது போல் இருந்தது. மூன்றாவது வெடிக்கே நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அடப்பாவி மனுஷா, இதையா நீ வாயைத் திறக்காமல் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று நினைத்ததும் அழுகை முட்டியது.

இல்போ என்னைத் திட்டவில்லை. அதைத்தான் முதலில் எழுத வேண்டும். "வெட்டி இழுக்குறத நீ சொன்ன, அதை மட்டும் பாத்தேன். ரோட்டுல ஓட்டாம விட்டது என் தப்பு" என்றார். அன்று பட்டறைக்கு வந்த மற்ற எல்லாரையும் போகச் சொல்லிவிட்டார். குழாய் இணைப்பில் காற்று புகுந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தார். திராட்டிலை விட்டதும் பெட்ரோல் ஒரேயடியாக வறண்டுபோகிற கட்டங்களில் கொஞ்சம் கூட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தத் தடுப்ப எங்க போட்ட?"

"குப்பையில."

"போய்ப் பொறுக்கிட்டு வா."

கிளறி எடுத்துவந்தேன். மாட்டியபின் அந்த மலை மனிதர் மறுபடியும் சைடுகாருக்குள் நுழைந்தார், என்னைச் சரிவில் இறங்கச் சொன்னார், ஏறச் சொன்னார், மறுபடி இறங்கச் சொன்னார். முட்டி இரண்டும் சிராய்த்துப்போயிருந்தன. பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது.

மறுநாள் மார்ட்டியைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினேன். அவர் கையைக் கதவிலிருந்து எடுக்கவேயில்லை. தேவாலயத்தைத் தாண்டினோம், மர அறுவை ஆலையைத் தாண்டினோம், சரிவு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திராட்டிலை விட்டேன். சக்கரச் சத்தமும் காற்றும் மட்டும்தான்.

கீழே வந்து திரும்பிப் பார்த்தால், மார்ட்டியின் தலை முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கை கதவிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. ஐயோ, பக்கவாதம் மறுபடியும் வந்துவிட்டதா! ஓரங்கட்டி, தாவி இறங்கி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன்.

குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

புல்லில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். என்ஜினை அணைக்கவில்லை. சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாரோ என்று, பெட்ரோல் போனால் போகட்டும் என்று அப்படியே ஓடவிட்டேன்.