பல் செட் மேஜையில் ஒரு சிவப்புக் கார்

பல் செட் கட்டுகிறவனிடம் ஊரார் பல்லைத் தவிர வேறு என்னென்ன கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பது அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த கால், ரேடியோத் திருகு, மாதா சுரூபத்தின் விரல் எல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. கையில் கொஞ்சம் நுணுக்கம் உண்டு என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டு, அப்புறம் காலமெல்லாம் அவஸ்தைப்படுகிற அத்தனை பேரும் என் இனம். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

எழுபதுகளில், தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். ஒரு பல் டாக்டரின் ஆஸ்பத்திரிப் பின்னறையில் எனக்கு வேலை. ஏரல் பக்கம் வயல்காட்டுக் குடும்பம் எங்களுடையது. சேற்றில் இறங்கினால் எனக்குக் கால் முழுக்கப் புண் வரும் என்பதால் டவுனுக்கு அனுப்பிவைத்தார்கள்.

பெட்டிக்குள் கார்

சந்தியாகு பெரியதாழைக்காரர். வெளிநாட்டுக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. முந்தின லீவில் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று கட்டிக் கொடுத்திருந்தேன். இந்தத் தடவை ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். மூடியில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் படம். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். ஜப்பானில் ஒரு துறைமுகத் தெருவில் அப்படி ஒரு கார் நிற்பதைப் பார்த்துச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அவரால் வாங்க முடிந்தது இந்தப் பெட்டியைத்தான். துண்டுகளை ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் ஒரு சாண் நீளத்துக்கு அந்தக் காரே வந்துவிடும்.

தகராறு காரில் இல்லை, டிரங்க் காலில். பம்பாயில் இறங்கியதும் ஊரில் போன் இருந்த ஒரே பலசரக்குக் கடைக்குக் கூப்பிட்டு, கார் ஒன்று வாங்கி வருகிறேன், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றிருக்கிறார். கடைக்காரர் வீட்டுக்கு மட்டுமா சொல்வார்? சந்தியாகுவின் தங்கை செல்வமேரிக்கு அப்போதுதான் தூத்துக்குடியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். செய்தி மாப்பிள்ளையின் அப்பா கஸ்பாருக்குப் போய்ச் சேர்ந்தபோது, அது தங்கைக்குச் சீதனமாகக் கப்பலில் வந்துகொண்டிருக்கிற கார் ஆகிவிட்டது.

துண்டு துண்டாகக் காட்டினால் கஸ்பார் விரட்டிவிடுவார், முழுக் காராகக் கொண்டுபோய் முன்னால் வைத்தால் சொல்வதைக் கேட்கவாவது செய்வார் என்று சந்தியாகு நினைத்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பொய் எங்க அண்ணாச்சி சொன்னேன்? எம்புட்டு நீளம்னு யாருமே கேக்கலியே."

படம் பார்த்து ஒட்டுதல்

செய்முறைத் தாள் முழுக்க ஜப்பானிய எழுத்து. நல்லவேளை, படமும் இருந்தது. துண்டுகள் எல்லாம் மீன் முள்ளில் சதை ஒட்டியிருப்பதுபோல ஒரு பிளாஸ்டிக் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வெட்டி, பிசிறைத் தேய்த்து எடுக்க வேண்டும். பல் செட்டுக்குச் செய்கிற வேலைதான் என்பதால் அதில் சிரமமில்லை. கூட வந்திருந்த பசை டியூப் கப்பல் சூட்டில் கல்லாகியிருந்தது. பல் செட் பவுடரில் ஊற்றிக் குழைக்கிற திரவத்தை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு இரண்டு துண்டுகளின் விளிம்பில் வைத்தேன். பிளாஸ்டிக் இளகி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது. நெடி மட்டும் ஆஸ்பத்திரி வாசல்வரை போனது.

அந்த நெடியை மோந்துகொண்டே ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார். மேல்வரிசைப் பல் செட் வாங்கிப்போக வந்தவர். மேஜையின் ஒரு பக்கம் வரிசையாகப் பற்கள், இன்னொரு பக்கம் சக்கரங்கள், நடுவில் பாதிக் கார். அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"எது வேணும்னாலும் பண்ணும். என் பல்லை மட்டும் அந்தக் காரிலே மாட்டிடாதேயும்."

டிரைவர் சீட்

எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தபோது டிரைவர் சீட்டைக் காணோம். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன், இல்லை. சந்தியாகுவிடம் கேட்டதற்கு, கேபினில் ஆசையாகப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது கப்பல் ஒரு ஆட்டம் ஆடியதாகவும், அப்போது போயிருக்கும் என்றும் சொன்னார். இந்துமாக்கடலில் எங்கோ ஒரு சீட் கிடக்கிறது.

பக்கத்து சீட்டை மெழுகில் அச்செடுத்து, பல் செட் பவுடரிலேயே இன்னொரு சீட் வார்த்தேன். அச்சு அசலாக வந்தது. ஆனால் அந்தப் பவுடர் ஈறு நிறத்தில்தான் வரும். கறுப்புப் பெயிண்ட் அடித்தால் தெரியாது. அடிப்பதற்குள் சந்தியாகு வந்துவிட்டார். காருக்குள் எட்டிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அண்ணாச்சி, எவன் வாய்லயோ ஏறி உக்காந்து ஓட்டுத மாதிரில்லா இருக்கு."

கொண்டல் காற்றில் பெயிண்ட்

பெயிண்டுக்கு, லாரிகளுக்கு ஸ்பிரே அடிக்கிற சங்கரனிடம் போனேன். நல்ல ரத்தச் சிவப்பாக, தின்னர் கலந்து கொடுத்தான். புத்திசாலித்தனமாக முதலில் வெட்டியெடுத்து மிஞ்சிய ஒரு கம்பித்துண்டில் அடித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் அம்மை போட்டதுபோலப் பொரிந்தது. கார் தப்பித்தது. அப்புறம் போர்டு எழுதுகிற எனாமல் பெயிண்ட்தான் சரி என்று தெரிந்து, ஒட்டக ரோம பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு கை ஓட்டினேன்.

அது கொண்டல் காற்றுக் காலம். ஈரக் காற்று, எனாமல் காய்வேனா என்றது. ஊரெல்லாம் கருவாடு காய்கிற நாட்களில் ஈக்கு என்ன பஞ்சம்? ஒன்று வந்து பானெட்டின் நட்டநடுவில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் அங்கேயே செத்தது. பல் செட்டை மெருகேற்றும் கல்பொடியால் அந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி அடித்து, இந்த முறை சோறு மூடுகிற வலைக்கூடையைக் கவிழ்த்து வைத்தேன். நாலாவது கைப் பூச்சில் சிவப்பு கண்ணாடியாக வந்து நின்றது. ஜன்னல் கம்பியின் நிழல் அதில் வளைந்து தெரிந்ததைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. சங்கரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். லாரியை அளப்பதுபோலக் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தான்.

"எல்லாம் சரிதான் அண்ணாச்சி. 'ஒலி எழுப்பவும்'னு எழுத இடம் விடலியே."

மதில்

பெயிண்ட் காய்ந்த அன்று சந்தியாகு தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். செல்வமேரிதான் சொன்னாள். கார் உள்ளே வருவதற்கு வழி வேண்டும் என்று கஸ்பார் வீட்டு முன்மதிலை இடித்துவிட்டாராம். மாதா கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. கல்யாண அறிவிப்பைப் பூசையில் வாசிப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். அடுத்த ஓலைக்கு முன்னால் உண்மையைச் சொல்லாவிட்டால், பிறகு எப்போது சொன்னாலும் ஏமாற்றியதாகத்தான் ஆகும் என்றாள். கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று அவள் சொல்லவில்லை. நிற்கக்கூடாது என்பது முகத்தில் தெரிந்தது.

காரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விரலால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அது நிற்கும்வரை பார்த்தாள். கஸ்பார் வீட்டுக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். கல்யாணப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழக்கம் உண்டா என்று நான் இழுத்தேன். அவள் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்:

"நான்தான் சொல்லுவேன். நீ ஆரம்பிச்சா அழுதிருவ."

கஸ்பார் வீட்டில்

பெயிண்டில் விரல் படாமல் தூக்கத் தெரிந்தவன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கஸ்பார் தோணி வைத்திருந்தவர். வாசலில் செங்கல் குவிந்து கிடந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். நான் காரை அவர் முன்னால் மேஜையில் வைத்தேன். செல்வமேரி டிரங்க் காலில் ஆரம்பித்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தாள்.

கஸ்பார் சத்தம் போடவில்லை. தெருவே தன்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிறது என்றார். பங்குச் சாமியாரிடம் போய் ஓலையை நிறுத்தச் சொல்லப்போவதாகச் சட்டையை எடுத்தார். அந்த நேரம் மாப்பிள்ளை ஜெரோம் ஷிஃப்ட் முடிந்து உள்ளே வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மேஜை முன்னால் குனிந்து காரைப் பார்த்தான். பானெட்டைத் திறந்தான், உள்ளே இன்ஜின் இருந்தது. அதை மூடிவிட்டு, செல்வமேரியை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் அப்பாவிடம், கார் என்று ஒன்று துறைமுகத்தில் இறங்கினால் முதலில் தெரிவது தனக்குத்தான் என்றும், அப்படி எதுவும் வரவில்லை என்று ஆரம்பத்திலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டதாகவும், தெரிந்துதான் ஓலை வாசிக்கச் சம்மதித்ததாகவும் சொன்னான்.

கஸ்பார் சட்டையை ஒரு கையில் மட்டும் மாட்டியபடி நின்றார். ஏலே, தெரிஞ்சேவா மதில இடிக்க விட்ட என்று கேட்டார். ஜெரோம் இடிந்த மதில் பக்கம் கையைக் காட்டினான்.

"இடிக்கட்டும்னுதான் இருந்தேன். வீட்டுக்குள்ள காத்து வருதுல்லா, அப்பா."

முதலில் சிரித்தது உள்ளே கதவோரம் நின்ற ஜெரோமின் அம்மா. கஸ்பார் சட்டையைக் கழற்றினார்.

கண்ணாடி அலமாரி

மூன்று ஓலையும் வாசித்து, கல்யாணம் நடந்தது. தங்கை கழுத்தில் தாலி ஏறியபோது அழுதுவிட்டு, சந்தியாகு கப்பலுக்குத் திரும்பினார். சில மாதம் கழித்துக் கஸ்பாருக்கு ஒரு பல் அளவெடுக்க அவர் வீட்டுக்கே போக வேண்டியிருந்தது. கார் கண்ணாடி அலமாரியில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதைப் பார்க்க வந்து, அலமாரிக்குள் கையை விட்டார். கஸ்பாருக்கு அப்போது வாய் நிறைய என் மெழுகு. அதைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"பாத்துத் தொடும். ஃபாரின் கார்."

அதற்குப் பிறகு தூத்துக்குடியில் பாதிப்பேர் என்னைக் கார் கட்டுகிறவர் என்றுதான் சொன்னார்கள். நான் வேலைக்குப் போய்வந்ததென்னவோ கடைசிவரை செயின் கழலும் ஒரு சைக்கிளில்தான்.