உருளைக்கிழங்குக்கும் வெண்காயத்துக்கும் போட்ட புள்ளிகள்

எண்பத்தெட்டுக் கடைசியில் இலங்கையில் சனாதிபதித் தேர்தல். நாங்கள் இருந்ததோ ஜேர்மன் நகரமான வுப்பர்டாலில், அகதிகளுக்கு ஒதுக்கிய பழைய விடுதி ஒன்றில். எங்களில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. அந்தக் குறையை வாயால் தீர்த்துக்கொண்டோம்.

பக்கத்து அறையில் ஓர் அக்காவும் அவருடைய கணவரும். கணவரை நான் அண்ணை என்பேன். ஊரில் கணக்கு வாத்தியார். மகனை யாழ்ப்பாணத்தில் சித்தப்பன் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். எனக்கும் அங்கே ஒரு தங்கச்சி இருந்தாள். சோதனை வைப்பார்களா மாட்டார்களா என்று ஒரு வருடமாகப் புத்தகத்தோடு காத்திருந்தாள்.

அக்கா ஒரு வேட்பாளர் பக்கம், அண்ணை இன்னொருவர் பக்கம். மூன்றாமவரை முதல் நாளே இருவருமாகத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் கண்டது அந்த ஒரு விஷயத்தில்தான். மற்றபடி பொதுச் சமையலறையில் ஒரே அடுப்பில் இரண்டு கறி கொதிக்கும். பேச்சு முற்றினால் இரண்டும் அடிப்பிடிக்கும்.

எனக்குப் பொறுமை என்பது பிறப்பிலேயே குறைவு. "ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ! புள்ளி போட்டுப் பாப்பம்" என்று கத்தினேன். புள்ளி என்றதும் வாத்தியாரின் முகம் மலர்ந்துவிட்டது. யார் பக்கமும் சாயாதவள் என்று என்னையே நடுவராக்கினார்கள். என் கோப்பில் மேலே கிடந்த தாளை உருவி, வெறுமையான பின்பக்கத்தில் கோடு போட்டேன். வேட்பாளர்களின் பெயரை எழுத அண்ணை விடவில்லை.

"தாள் ஆற்ற கையில போகுமோ ஆர் கண்டது? வேற பேர் வையும்."

அடுப்பு மேசையில் கிடந்தவை உருளைக்கிழங்கும் வெண்காயமும். அக்காவின் ஆள் உருளைக்கிழங்கு, அண்ணையின் ஆள் வெண்காயம்.

மூன்று நாள் பிரசாரம் நடந்தது. அக்கா எனக்கு மீன் பொரித்துத் தந்தார். அண்ணை சிற்றலை வானொலியை இரவல் தந்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு நேர்மையாகத்தான் புள்ளி போட்டேன். சாமான் விலையில் உருளைக்கிழங்கு நாற்பது, வெண்காயம் முப்பது. சண்டையை நிறுத்துவதில் இருவரும் பதினைந்து. பேச்சுத் திறமையில் வெண்காயம் எழுபது.

"ஓம், பேச்சுக்கு என்ன குறைச்சல்! கேட்டாக் கண்ணீர்தான் வரும்" என்றார் அக்கா.

கடைசி வரி: 'நாங்கள் பயமில்லாமல் திரும்பிப் போகலாமா?'

"உதுக்கு ரெண்டு பேருக்கும் முட்டையைப் போடும்" என்றார் அண்ணை. அக்காவும் தலையாட்டினார்.

வெண்காயத்துக்கு முட்டை போட்டேன். உருளைக்கிழங்குக்கு ஐந்து போட்டேன். அந்த வரியில் தன் ஆள் வென்றதற்கு அக்கா சந்தோசப்படவில்லை, பதறிப்போனார்.

"உமக்கென்ன விசரே? திரும்பிப் போகலாம் எண்டு நீரே எழுதினா அவங்கள் உம்மை அனுப்பிப்போடுவாங்கள்."

"இதை ஆர் பாக்கப்போகினம்?" என்று தாளைத் திருப்பினேன். என் அகதி விசாரணைக்கான அழைப்புக் கடிதம்! அதைக் கொண்டுபோகாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள். எழுதியது பேனையால். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் கேட்டால் அந்த ஐந்தை முட்டை என்று மாற்றிச் சொல்லும்படி அக்கா நாள்தோறும் நச்சரித்தார்.

விசாரணை நாளில் கடிதத்தை நல்ல பக்கம் மேலே தெரிய மேசையில் வைத்து, இரண்டு விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி சிரித்தபடி அதை இழுத்தெடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, திருப்பினார். பாழாய்ப்போன மனுசன்.

மொழிபெயர்க்க வந்தவர் ஆஹென் நகரில் படிக்கும் இந்தியத் தமிழர். "மேடம், 'உருளைக்கிழங்கு, சாமான் விலை, நாற்பது'ன்னு இருக்கு. இது மார்க்கெட் லிஸ்ட்டா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெண்காயத்தின் பேச்சுத் திறமையை எந்தச் சந்தையில் விற்கிறார்கள்? உள்ளதைச் சொன்னேன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கடைசி வரி மொழிபெயர்க்கப்பட்டதும் சிரிப்பு நின்றது.

"அஞ்சு மார்க் ஏன்னு கேக்கிறார். அப்போ நீங்க திரும்பிப் போக முடியுமான்னு கேக்கிறார்."

பாடமாக்கி வந்த பதில்களை விட்டுவிட்டேன்.

"என்னாலை ஏலாது. போனால் பிடிப்பினம்" என்றேன். "ஆனா என்ர தங்கச்சி அங்கதான் இருக்கிறாள். முட்டை போட்டா அது அவளுக்கும் சேத்துப் போடுற முட்டையெல்லோ. எனக்குக் கை வரேல்லை."

அந்த இளைஞர் குனிந்து தண்ணீர் குடித்தார். பிறகுதான் மொழிபெயர்த்தார். அதிகாரி எல்லாவற்றையும் தட்டெழுத்தில் பதிந்தார்.

முடிவில் பதிந்ததை வாசித்துக் காட்டினார்கள். "ஏதாவது மாத்தணும்னா கையெழுத்துக்கு முன்னாடி மாத்தலாம்னு சொல்றார்" என்றவர் குரலைத் தாழ்த்தி, "அந்த அஞ்சை வேணும்னா..." என்று இழுத்தார். என் வழக்கு அந்த ஒரு இலக்கத்தில் தொங்கியது எனக்கும் தெரியும்.

"அது கிடக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டேன்.

விடுதிக்குத் திரும்பியபோது அக்கா வாசலிலேயே நின்றார்.

"முட்டையாக்கிப்போட்டீரோ?"

"இல்லை அக்கா."

"விசரி! படிச்சுப் படிச்சுச் சொன்னனான். உமக்கு மண்டையில ஒண்டுமில்லை" என்று படியேறும்வரை திட்டினார். சமையலறையில் எனக்குச் சோறு போட்டு, கறி ஊற்றினார். தங்கச்சியை நினைத்து முட்டை போடக் கை வராததை அவரிடம் சொன்னேன். அண்ணை தலைநிமிராமல் வெண்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அதை ஒரு பத்தாப் போட்டிருக்கலாம். என்ர பிள்ளையும் அங்கதானே இருக்கிறான்."