ஆடாதவனை ஆடினான் என்றேன்

ஒரு மனிதனைப் பற்றி, அவன் காதுபடவே, பொய் சொன்னேன். ஒரே வார்த்தைதான். அதற்கான தண்டனையை அவன் அனுபவித்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஒடுகத்தூரில் ஓவிய ஆசிரியராக இருந்தேன். கோடை விடுமுறையில் மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் ஓவிய ஆசிரியர்களுக்கு முகாம் நடந்தது. காலையில் ஆளை எதிரில் நிறுத்தி வரைவோம். மாலையில் மலை ஊர்க்காரர்கள் வந்து தங்கள் வட்ட ஆட்டத்தைச் சொல்லித் தருவார்கள். ஓவியனுக்கு ஆட்டம் எதற்கு என்று முதலில் சலித்துக்கொண்டேன். அப்போது நான் வரைந்த ஆட்கள் எல்லாரும் ஆணியில் மாட்டிய சட்டையாகத் தொங்கினார்கள். ஓவியப் பயிற்சி தர வந்த பெரியவர் என் தாளைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்.

ஆட்டத்திலும் அப்படித்தான். எல்லாரும் ஒரு பக்கம் போனால் நான் எதிர்ப் பக்கம் திரும்பி யார் காலையாவது மிதிப்பேன்.

"வாத்தியாரே, அது எங்காலு. உங்காலு அந்தாண்ட கீது."

மிதித்து மிதித்துத்தான் பிடிபட்டது. ஒரு கால் எழும்பும் முன்பே உடம்பின் பாரம் மறுகாலுக்குப் போய்விடுகிறது. அதை என் இடுப்பு அறிந்த பிறகு, காலையில் என் கோடுகளும் அறிந்தன. வரைந்த ஆட்கள் தரையில் நின்றார்கள்.

நாங்கள் வரைவதற்காக நின்றவன் என் வயதுக்காரன், சாமை விதைக்கும் குடியானவன். சுற்று ஊர்களில் அவனைப் போல ஆடுபவர் இல்லை என்றார்கள். ஆனால் மாலையில் வட்டத்துக்கு வரமாட்டான். அவன் அப்பா இறந்து வருஷம் திரும்பவில்லை. அவன் ஊர் வழக்கப்படி, வருஷச் சடங்கு முடியும்வரை மூத்த மகன் ஆடக்கூடாது. ஆடினால் அந்தச் சடங்கைச் செய்யும் உரிமை போய்விடும்.

இது தெரிந்தும், முகாம் முடியும் தறுவாயில், ஆட்டத்தில் கால் தூக்கிய நிலையில் நிற்கச் சொல்லி அவனைக் கேட்டேன்.

"சாவு வூடு சார். ஆடக் கூடாது."

"ஆட வேணாம்பா. நின்னா போதும். அசையவே கூடாது."

"அசையாம ஆடச் சொல்ற ஒரே ஆளு நீங்கதான் சார்" என்று சிரித்தான். ஒரு தடியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். கால் நடுங்கும்போதெல்லாம் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கினான். படத்தில் நான் தடியை வரையாமல் விட்டுவிட்டேன். கணுக்காலில் சலங்கையைச் சேர்த்தேன்.

கடைசி நாள் சந்தை நாள். வகுப்பறைச் சுவரில் மாட்டிய படங்களைப் பார்க்கச் சந்தைக்கு வந்தவர்கள் கூடினார்கள். அவன் சித்தப்பாவும் வந்திருந்தார். பயிற்சி தந்த பெரியவர் என் படத்தின் முன் நின்றார்.

"ஆடும்போதே வரைஞ்சீங்களா?"

ஆடுகிறவனைக் கோட்டில் பிடிப்பதுதான் பெரிய வித்தை. "ஆமாம் சார்" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

வாசலருகே கேட்டுக்கொண்டு நின்ற குடியானவன் உள்ளே வந்தான். "இன்னா சார் சொல்றீங்க? தடியப் புடிச்சிக்கினுதானே நின்னேன்?"

சித்தப்பா படத்தைக் காட்டினார். "இதுல தடி எங்கடா கீது? அப்பன் போயி வருஷம் திரும்பல. அதுக்குள்ள உனக்கு சலங்க கேக்குதா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சடங்கைத் தம்பிதான் செய்ய வேண்டும் என்று அவன் ஊரில் தீர்த்துவிட்டதாக, புளி விற்க ஒடுகத்தூருக்கு இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பல மாதங்கள் கழித்துத்தான் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போனேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னால், அவன் ஆடவில்லை, சலங்கை நான் போட்டது என்று சொல்லிப் படத்தைக் கிழித்தேன்.

"அத இன்னாத்துக்குக் கிழிக்கிறீங்க? நல்லாத்தானே கீது" என்றார் ஒருவர்.

அவன்மேல் குற்றமில்லை, இனி ஆடலாம் என்றார்கள். ஆனால் சடங்கு முந்தின வாரமே நடந்துவிட்டிருந்தது.

பஸ் நிற்கும் இடம்வரை அவன் என்னோடு வந்தான். கோபமா என்று கேட்டேன்.

"உங்க மேல கோவப்பட்டு இன்னா ஆவப்போவுது? எங்கப்பனுக்குச் செய்யும்போது ஊரு ஆளுங்களோட நானும் வெளியில நின்னேன் சார். கொஞ்சம் மின்னாடி வந்திருக்கலாம்."

அடுத்து வந்த அவன் ஊர்த் திருவிழாவுக்குப் போனேன். வட்டத்தில் அவனுக்கு இடம் விட்டுக் கூப்பிட்டார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டணும் என்று எழுந்து போய்விட்டான். மறு ஆண்டும் அப்படித்தான். அதற்குப் பிறகு நான் போனபோது, வட்டத்தில் யாரும் அவனுக்கு இடம் விடவில்லை.