உள்ளே போன ஆமணக்கு இலை

கம்பத்தில் டியூஷன் முடிந்து கூடலூர்ப் பேருந்துக்காக நின்றபோது அண்ணன் போனில் கூப்பிட்டான். "மதினி போயிட்டாடா" என்றான். "எங்க?" என்று கேட்டேன். கேலிக்குக் கேட்கவில்லை. எட்டு நாளாகக் காய்ச்சலில் தேனி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும், எங்கே போனாலும் சிரித்துக்கொண்டு திரும்பி வருகிற ஆளாகத்தான் என் அண்ணன் மனைவி முத்துப்பேச்சியை எனக்குத் தெரியும். இந்த அஞ்சலியைப் படிக்கிற நம் ஊர் மூன்று தெருக்காரர்களுக்கும் அப்படித்தான் தெரியும்.

முப்பது நாள் ஆகிவிட்டது. அழுதுகொண்டே எழுதினால், "ஏலே, மொதல்ல மூக்கத் தொடை" என்பார். துடைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெயரில் முத்து முன்னால் இருந்தாலும் வீட்டில் பேச்சுதான் முன்னால் வரும். கிணறு தூர்வாரும் குடும்பத்தில் பிறந்தவர். அது தெரியாமல், கல்யாணமான முதல் வாரமே, ஆற்றோரப் பாறை ஊற்றில் ஒரு நிமிடம் முங்கியிருப்பேன் என்று அவரிடம் அளந்துவிட்டேன். "அம்புட்டு நேரமா கொழுந்தனாரே!" என்று கன்னத்தில் கை வைத்தவர், சேலையை வரிந்துகட்டி முங்கினார். மேலே வரவேயில்லை. நான் அலறியதில் மூன்று தெருவும் கூடிவிட்டது. மதினி பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார். "ஆளு முங்குனா ஊரக் கூட்டாதலே, எண்ணு. நூறு வரைக்கும் எண்ணிட்டு அப்பறம் அழு" என்றார். அன்று தொடங்கியது எங்கள் யுத்தம். நான் அவர் காப்பியில் உப்புப் போட்டேன். அவர் என் டியூஷன் பைக்குள் அரைச்செங்கல்லை வைத்துக் கம்பம் வரை சுமக்கவிட்டார்.

அந்த ஊற்றின் வாய் பாறைக்குள் குகையாகப் போகிறது. நம் குடிதண்ணீர் மோட்டாரின் குழாய் முனை அந்தக் குகைக்குள்தான் கிடக்கிறது. போன வருட மழையில் முல்லைப் பெரியாறு கரையேறி ஊற்றை மூடியது. சகதியும் சருகும் போய்க் குழாய் முனையை அடைத்தன. மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. ஆறு பாதி இறங்கியதும், உள்ளே போய் அடைப்பை எடு என்று எல்லாரும் மதினியை நெருக்கினோம். அவர் அசையவில்லை.

"மாமூலா ஊத்து மூச்ச வெளிய விடும். எதுத்துப் போனாலும் வாரப்ப அதுவே தள்ளி விட்டுரும். ஆறு ஒசந்து நின்னா மூச்ச உள்ள இழுக்கும். இப்பப் போனா என்னயும் சேத்துல்ல இழுக்கும்? உள்ள ஒரே கலங்கல். லைட்டு அடிச்சாலும் எங்கையி எனக்கே தெரியாது."

தினமும் காலையில் ஊற்று வாயில் ஓர் ஆமணக்கு இலையை மிதக்கவிடுவார். இலை ஆற்றுப் பக்கம் நகர்ந்தால் ஊற்று வெளியே தள்ளுகிறது, இறங்கலாம். நகரவில்லை என்றால், "இன்னைக்கு இல்ல." ஐந்து நாள் இதே பதில். மெயின் ரோட்டுத் தண்ணீர் லாரியிலிருந்து குடம் சுமந்து என் தோள் கழன்றுபோயிருந்தது. ஆறாம் நாள் காலை அவர் கிள்ளிவைத்த இலையின் காம்பில் தூண்டில் நரம்பைக் கட்டினேன். அவர் அதைத் தண்ணீரில் விட்டதும், கீழே கோரைக்குள் உட்கார்ந்து மெதுவாக இழுத்தேன். இலை அழகாக ஆற்றுப் பக்கம் போனது. கூட்டம் கைதட்டியது.

மதினி இடுப்பில் கயிறு கட்டினார். டார்ச்சை பாலித்தீன் பையில் சுற்றினார். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கடைசி மூச்சை இழுக்கும்போதுதான், "என்னயும் சேத்துல்ல இழுக்கும்" என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நரம்போடு எழுந்து ஓடினேன்.

"மதினி, முங்காதீக! இலைய நாந்தான் இழுத்தேன்!"

மோட்டார் போடுகிற பெருமாள் மாமா சிரித்தார். "இதும் இவன் வெளாட்டுத்தான் தாயி. நீ எறங்கு."

மதினி என் கையிலிருந்த நரம்பைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தார். "இல்ல மாமா. இவன் பொய் சொன்னாச் சிரிப்ப அடக்க மாட்டான். இப்ப மூஞ்சி வெளுத்துல்ல கெடக்கு" என்று கரையேறினார். வேறோர் இலையைக் கிள்ளிப் போட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றியது. பாறையை நோக்கி நகர்ந்து, விளிம்பில் மடங்கி, குகைக்குள் போய்விட்டது. பெருமாள் மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அடி விழும் என்று காத்திருந்தேன். மூன்று நாள் கழித்து இலை தானாக வெளியே நகர்ந்தபோது, "கயித்த இவன் புடிக்கட்டும்" என்றார். "இவனா?" என்றார் மாமா. "பயந்தவன் விடமாட்டான் மாமா."

கயிறு படபடவென்று இழுபட்டால் ஆபத்து என்பது ஏற்பாடு. நாற்பது எண்ணுவதற்குள் இழுபட்டது. உள்ளங்கை தோல் உரிய இழுத்தேன். கை நிறையச் சருகோடு, வாய் நிறையச் சிரிப்போடு மதினி மேலே வந்தார். "பக்குன்னு இருந்துச்சா கொழுந்தனாரே? அன்னைக்கு அந்த எல உள்ள போனப்ப எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு" என்றார். கணக்கைத் தீர்த்த சந்தோஷத்தில் மறுபடி முங்கினார். மத்தியானம் குழாயில் தண்ணீர் வந்தது.

கையில் தோல் வளர்ந்துவிட்டது. மதினியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது வேறு. மூன்று தெருவும் நம்பாத என் ஒரு வார்த்தையை, தம் உயிர் விஷயத்தில் அவர் ஒருவர் நம்பினார். அதை வைத்துக்கொண்டு பொய் சொல்வது மிகவும் சிரமமாக இருக்கிறது. முயன்றுதான் வருகிறேன்.