தரங்கம்பாடி வரைக்கும்

ஆடி மாதத்தில் கல்யாண போட்டோகிராபருக்கு வேலை கிடையாது. பூந்தமல்லியில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து நடத்திய ஸ்டூடியோவுக்கு அந்த மாதம் முழுக்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டு வருகிறவர்கள்தான். அப்படி ஓர் ஆடியில், கல்லாப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்த கூட்டாளி திடீரென்று கேட்டான்.

"மாமே, கேமராவத் தூக்கினு கடலோரமா ஒரு ரவுண்டு போய்ட்டு வர்லாமா? நமக்குன்னு நாலு படம் எடுக்கலாம்."

'நமக்குன்னு' என்ற சொல் என்னை அசைத்துவிட்டது. நாங்கள் எடுத்ததெல்லாம் யார் யார் வீட்டு ஆல்பத்துக்குள்ளோ போய்விட்டது. நான் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவன் பாரிவாக்கத்துக்காரன். ஒரு மண்டபத்தில் ஆளுக்கொரு லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பழக்கமானோம். பிறகு சேர்ந்தே கடை போட்டோம். இத்தனை வருடத்தில் வேலை இல்லாமல் இருவரும் ஒன்றாக எங்கேயும் போனதில்லை.

என் பழைய வேனில் கிளம்பினோம். வெளிவட்டச் சாலையில் வண்டலூர் வந்து, கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தில் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். முதலில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை. காவலாளி ட்ரைபாடு கூடாது என்றார். அவன் பேசாமல் அதை வேனில் வைத்துவிட்டு வந்து, ஒரு கல்லறைக்கு முன்னால் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டான். கல்லில் செதுக்கிய எழுத்தின் மேல் சாய்வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. மண்டபத்தில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத ஆள் அவன். "பொண்ணு மாப்பிள்ளைய வெயிட் பண்ண வச்சா நம்மள வெரட்டிருவாங்க. இவங்க ஒண்ணும் சொல்லல பாரு" என்று சிரித்தான்.

இரவு தங்கிய புதுச்சேரியில் மறுநாள் காலை ஒரு மஞ்சள் சுவர் ஓரம் வேறொரு குழு, கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டிங் நடத்திக்கொண்டிருந்தது. பெண்ணின் முகத்தில் வெளிச்சம் போதவில்லை. இவன் கேட்காமலே போய் அவர்களுடைய ரிப்ளெக்டரைத் திருப்பிப் பிடித்துவிட்டு வந்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிதம்பரம் வரை சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்தது அன்றைக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

தரங்கம்பாடிக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். டேனிஷ் கோட்டையின் செங்கல் நிறம் மாறிக்கொண்டே வந்தது. நான் அவசர அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கடலோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"வெளிச்சம் போகுதுடா, எடு" என்றேன்.

"எடுத்தது போதும். இங்க வா." பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வர்ற ஒண்ணாந்தேதிலேர்ந்து செம்பரம்பாக்கத்துல ஒரு குடோனுக்கு வேலைக்குப் போறேன். சூப்பர்வைசர்."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் முகம் அப்படி இல்லை.

"கடை?"

"நீ பாத்துக்கோ. பசங்க பெருசாயிக்கினு வராங்க. இன்னும் எத்தினி நாளு முகூர்த்தத்த நம்பிகினு ஓட்றது? கேமராவ வாங்கிக்க ஒரு ஆளு சொல்லி வச்சிருக்கேன். ஊட்டுக்குப் போனதும் குடுத்துடுவேன்."

"இத அங்கயே சொல்லிருக்கலாமே."

"சொல்லிருந்தா உக்காத்தி வச்சிப் பேசிப் பேசியே என் மனச மாத்திருப்ப. நீயும் வந்திருக்க மாட்ட, நானும் போயிருக்க மாட்டேன்."

அது உண்மைதான். அலை வந்து கல்லில் அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் இரண்டு நாளாக விடைபெற்றுக்கொண்டிருக்கிறான், அது தெரியாமல் நான் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

மறுநாள் நாகப்பட்டினம், அங்கிருந்து கோடியக்கரை என்பது திட்டம். காலையில் இட்லி சாப்பிட்டுக் கை கழுவும்போது அவன், "திரும்பிடலாமா?" என்றான். "சரி" என்றேன். இன்னும் ஒரு நாள் இருக்கலாம் என்று இருவரில் யார் வாய் திறந்திருந்தாலும் போயிருப்போம். அவன் நான் சொல்வேன் என்று பார்த்திருக்கலாம். நானும் அப்படித்தான் பார்த்தேன். திரும்பி வரும்போது கடலூரில் டீ குடித்தது தவிர எங்கும் நிறுத்தவில்லை. வரும்போது எடுக்கலாம் என்று விட்டுவைத்த இடங்களெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாகப் போயின.

அவன் சொன்னபடியே வேலைக்குப் போனான். நான் இரண்டு பையன்களைச் சம்பளத்துக்கு வைத்துக் கடையை ஓட்டுகிறேன். ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டு போனதிலிருந்து அவனுடைய பாரிவாக்கத்தில் நிற்க எனக்கு வேலையும் இல்லை. அவன் எடுத்த படங்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். பார்த்தானா என்று கேட்டதில்லை.

போன வருடம் அவன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. "நீதான் வரணும்" என்று போன் செய்தான். வேட்டி சட்டையில் மேடையேறியவனுக்கு லென்ஸைப் பார்க்கத் தெரியவில்லை. கண் லைட் ஸ்டாண்டுக்கே போனது. "அத்தக் கொஞ்சம் எறக்கு மாமே" என்றான் மெதுவாக. இறக்கினேன். அதன்பிறகுதான் மனைவி பக்கத்தில் ஒழுங்காக நின்றான்.

பந்தியில் அவன் மனைவி எனக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இப்பல்லாம் போன்லகூட ஒரு போட்டோ எடுக்கறதில்லண்ணா. பசங்க கேட்டா, உங்க அம்மாவ எடுக்கச் சொல்லுன்னு போய்டறாரு."

இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவன் வாசலில் சொந்தக்காரர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தான். கூட்டம் குறையட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். குறையவில்லை. சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு, தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.