பன்னீர் பட்ட மதர்போர்டு

ஆயுத பூஜை வந்தால் என் மனைவியிடமிருந்து வீட்டில் ஒரு சாமானும் தப்பாது. காருக்குப் பொட்டு, மோட்டாருக்குப் பொட்டு, சோறு வடிக்கும் குக்கருக்குப் பொட்டு. ஒரு வருடம் நான் தலை வாரும் சீப்புக்கும் வைத்தாள்; அதில் வேலை அதிகமில்லை என்பது அவளுக்கும் தெரியும். அவளுடைய லேப்டாப்புக்கு மட்டும் தனி மரியாதை. மலேசியாவின் பாடாங் செராயில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை அவள், அதுதான் தனக்குச் சோறு போடும் ஆயுதம் என்பாள். சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ எல்லாம் ஆன பிறகு பன்னீர்ச் செம்பை எடுத்து, கல்யாண மண்டப வாசலில் நிற்கிறவள் மாதிரி தாராளமாக ஒரு தெளி தெளிப்பாள்.

நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். தூசி பட்டாலே அங்கே பஞ்சாயத்துதான். என் கண்ணெதிரே பன்னீர் விழுந்தால் எப்படி இருக்கும்?

"எலக்ட்ரானிக் சாமான்ல தண்ணி தெளிப்பியா? கெட்டுப் போயிரும் லா!" என்று ஒரு வருடப் பூஜையில் கத்தினேன்.

"நீங்க மட்டும் கையில கயிறு கட்டிக்கிட்டுத்தானே போர்டத் தொடுறீங்க? நான் பொட்டு வச்சா ஆகாதா?"

உடம்பில் சேரும் மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடாமல் இருக்க நாங்கள் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் பட்டையைத்தான் கயிறு என்றாள். விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதில் ஒரு பிடி சுண்டலைப் போட்டு மூடிவிட்டாள்.

அந்த வருடப் பூஜை முடிந்து சில வாரங்கள் லேப்டாப் ஒழுங்காக ஓடியது. பிறகு தானாக அணைய ஆரம்பித்து, ஒரு நாள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதைத் திறந்து பார்க்கலாம் என்று நினைத்திருந்தபோது அவளுக்கு நோய் என்று தெரிந்தது. அதற்கப்புறம் லேப்டாப்பை யார் நினைத்தார்கள்? அலமாரியில் அவளுடைய சேலைகளுக்குக் கீழே போனது. அவளும் போய்விட்டாள்.

படங்கள் ஏராளமாக இருக்கின்றன. குரல்தான் இல்லை. கைப்பேசியில் பேசி அனுப்புவது அவளுக்குப் பிடிக்காது, எதையும் தட்டச்சு செய்துதான் அனுப்புவாள், அதுவும் ஒற்றுப்பிழை இல்லாமல். இந்த வருடம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, அவள் என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். என் குரலில்தான் கேட்டது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. பயந்துபோனேன். சின்னப் பிள்ளைக்குத் தாயைத் தேடுவது போல எனக்கு அவளைத் தேடுகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அப்போதுதான் அந்த லேப்டாப் நினைவுக்கு வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகளை மூடியிருந்தபோது, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான பாடங்களை அவள் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதில்தான் பதிவு செய்தாள். குரல் அதற்குள் இருக்கிறது.

பட்டணத்தில் கணினி பழுது பார்க்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். அடிமூடியைக் கழற்றியவர் உதட்டைப் பிதுக்கினார்.

"மதர்போர்டு காலிண்ணே. தண்ணி பூந்து துருப்புடிச்சிருக்கு. டிஸ்க்கு மேலயும் கறை இருக்கு, பொழச்சிருக்கான்னு தெரியல. கழட்டி என் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துருவோமா?"

பார்த்திருக்கலாம். புத்தியுள்ளவன் பார்த்திருப்பான். ஆனால் இத்தனை நாள் கழித்து அவள் பேசப்போவதை ஒரு கடையில், பிரிண்டர் மை வாங்க வந்தவர்களுக்கு நடுவில் நின்றா கேட்பது? ஒருவேளை அதில் ஒன்றுமே இல்லையென்றால், அதையும் அங்கே நின்றா கேட்பது? வேண்டாம் தம்பி என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதே மாடலில் ஒரு பழைய போர்டை இணையத்தில் தேடி வாங்கினேன்.

அது வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதே சாப்பாட்டு மேசையில் வேலையை ஆரம்பித்தேன். நல்ல வெக்கை. வியர்வை போர்டில் சொட்டக் கூடாதென்று தலைக்கு மேல் காத்தாடியை முழு வேகத்தில் விட்டேன். என் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினேன். முதலில் பாட்டரி இணைப்பை எடுத்தேன். கழற்றிய திருகாணிகளை இடம் மாறாமல் முட்டை அட்டையின் குழிகளில் போட்டுக்கொண்டே வந்தேன். விசிறியைத் தூக்கினால் இறக்கைகளுக்கு இடையில் குங்குமம். நாடா போன்ற மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக விடுவித்து மதர்போர்டை வெளியே எடுத்தேன். பன்னீர் காய்ந்த இடம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. தொழிற்சாலையில் இப்படி ஒன்று வந்தால் தயங்காமல் கழிவுப் பெட்டியில் போடுகிறவன் நான். அன்றைக்கு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அதை ஒரு துணியில் சுற்றிச் சாமி மேடையில், பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அவரவர் செய்ததை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

வாங்கிய போர்டை உட்கார வைத்தேன். டிஸ்கின் முனையைத் துடைத்து அதில் செருகினேன். சூட்டைக் கடத்தும் பசை தடவி, விசிறியை மாட்டி, கம்பிகளை இணைத்தேன். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையா? மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். திரைக்குப் போகும் கம்பி சரியாக அழுந்தாமல் இருந்தது. தொழிற்சாலையில் வேறொருவன் இதைச் செய்திருந்தால் நாள் முழுக்கக் கிண்டல் செய்திருப்பேன். அழுத்திவிட்டு மறுபடி போட்டேன்.

திரை வெளுத்தது. டிஸ்க் பிழைத்திருந்தது. பாடங்கள் இருந்தன. ஏதோ ஒன்றைத் தட்டினேன்.

பள்ளிக்குக் கட்டும் நீலச் சேலையில், நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் அவள்.

"வணக்கம் பிள்ளைங்களா. இன்னைக்கு என்ன எழுத்து? ப. எங்க, டீச்சரோட சேந்து சொல்லுங்க."

சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். பந்து என்றாள், பல் என்றாள், பப்பாளி என்று ஒரு காயைத் தூக்கிக் காட்டினாள். எங்கள் வீட்டுப் பின்பக்கத்து மரத்தில் காய்த்தது. நான் அழுதுகொண்டே அவளோடு சேர்ந்து சொன்னேன். நடுவில் சட்டென்று நிறுத்தினாள். பிள்ளைகளுக்காக வைத்திருந்த சிரிப்பு போய், எனக்கென்று வைத்திருக்கும் முகம் வந்தது. அப்போது நான் இருந்த படுக்கையறைப் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அந்தக் காத்தாடிய அடைங்களேன். பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே கேக்காது."

எழுந்து போய்க் காத்தாடியை அடைத்தேன்.