லேடீஸ் ஓட்டின வண்டி

போன வாரம் மகளுக்குப் பழைய கார் ஒன்று பார்க்க விருதுநகர் போயிருந்தோம். பைபாஸ் ஓரத்தில் தகரக் கூரை போட்டு, ஒவ்வொரு காருக்கும் சந்தனப் பொட்டு வைத்து நிறுத்தியிருக்கும் இடம். கழுத்தில் அட்டை மாட்டிய தம்பி ஒருவன் எங்களை ஒரு சாம்பல் நிறக் காரிடம் கூட்டிக்கொண்டு போனான். நகைக்கடையில் தனியாக எடுத்து வைத்த சங்கிலியைக் காட்டுகிறவனைப்போலக் குரலைத் தாழ்த்தி, "இது லேடீஸ் ஓட்டுன வண்டி மேடம். ஒரே ஓனர். கியரெல்லாம் அலுங்காம வச்சிருந்தாங்க. அதான் விலை கொஞ்சம் கூட" என்றான்.

மகள் சிரித்தாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிட்டது. பெண் ஓட்டிய வண்டிக்கு விலை கூடவா? எந்த வருஷத்திலிருந்து இது? எனக்கு ஏன் யாரும் சொல்லி அனுப்பவில்லை?

தம்பி கதவைத் திறந்தான். உள்ளே மல்லிகை சென்ட் வாசனை. பழைய கார் விற்கிறவர்கள் எதையாவது மறைக்கத்தான் வாசனை போடுவார்கள் என்பது என் கட்சி. பல வருஷத்துக்கு முன்னால் நான் வாங்கிய காரில் ஊதுபத்தி வாசனை அடித்தது. டாஷ்போர்டில் குட்டி வேல் ஒன்று ஒட்டி, அதன் காலடியில் பத்தியைக் கொளுத்தி வைத்துத்தான் தரகர் சாவியைக் கையில் கொடுத்தார்.

அப்போது நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆர்டர் எடுக்கிற வேலையில் இருந்தேன். ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டுப் புது ஆல்பம் வெளியே வரும். சாமி படம், குழந்தை படம், அருவி, ரோஜாப்பூ என்று எல்லா மாதிரியும் சேர்ந்த ஆல்பத்தைத் தூக்கிப் பாருங்கள், அம்மிக்கல் தோற்றுவிடும். அதைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் விருதுநகர் இறங்கி, பருப்பு மண்டி, எண்ணெய்க் கடை, மிளகாய் வத்தல் கமிஷன் கடை என்று ஏறி இறங்க வேண்டும். அண்ணாச்சிகள் லேசில் முடிவு சொல்ல மாட்டார்கள். போன வருஷம் முருகன் போட்டாயிற்று, இந்த வருஷம் மகாலட்சுமி போடலாமா என்று வீட்டம்மாவிடம் கேட்டு வருவார்கள். அதுவரை நான் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெண்பிள்ளை ஆர்டர் எடுக்க வருவதை ஆரம்பத்தில் அதிசயமாகப் பார்த்தவர்கள், பிறகு எனக்கும் சேர்த்தே டீ சொன்னார்கள்.

முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "விருதுநகர் லைன உங்களுக்கே குடுத்துரலாம்னு பாக்கேன். பஸ்ஸுல போயிட்டு வந்தா ஆகாது. வண்டி இருந்தா, இந்த சீசன் பாத்துட்டு லைன் உங்களுக்குத்தான்" என்றார். லைன் என்றால் அந்த ஊர்க் கடைகள் மொத்தமும் என் பொறுப்பு. கமிஷனும் எனக்கு, பேரும் எனக்கு. இல்லாவிட்டால் ஆபீசில் உட்கார்ந்து தினசரிக் காலண்டர் தாளில் ராகுகாலம் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

சீட்டு எடுத்து ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கினேன். பதிவும் என் பெயரில்தான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்ததைவிடச் சேலையை எப்படிச் செருகுவது என்று சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம். ஆனாலும் நன்றாகவே ஓட்டினேன். இதில் எனக்குத் தன்னடக்கம் எதுவும் கிடையாது.

வாங்கும்போது தரகர் இன்ஜினை ஓடவிட்டு, "சத்தம் கேக்குதா பாருங்கக்கா. வண்டி நிக்கிதா ஓடுதான்னே தெரியாது" என்றார். நிஜமாகவே தெரியவில்லை. சீட்டில் ஆல்பத்தை வைத்து, புது மையும் வார்னிஷும் கலந்த வாசனையோடு முதல்நாள் விருதுநகருக்கு ஓட்டிக்கொண்டு போனபோது, வழியில் போன எல்லாரும் என்னையே பார்ப்பதாக எனக்கு நினைப்பு. உண்மையில் பாதிப் பேர் பார்க்கத்தான் செய்தார்கள்.

புரட்டாசி பிறப்பதற்குள் அந்த அமைதி போய்விட்டது. முதலில் ஆனைக்குட்டம் பக்கம் ஒருநாள் கீச்சென்று ஒரு முனகல். பிறகு இரண்டாவது கியர் விழ மறுத்தது. மூன்றாவது கியர் விழும், ஆனால் தானே துள்ளி வெளியே வந்துவிடும். இடது கையால் கியர் தடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்டீரிங்கைத் திருப்பி, வாயால் வேலவனைக் கூப்பிட்டுக்கொண்டு கடை கடையாகப் போனேன்.

இனிமேல்தான் என் கோபமே ஆரம்பிக்கிறது. வண்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் என் இடது காலைப் பற்றிக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என் செருப்பைக் குறை சொன்னார். கொழுந்தன் என் சேலையைக் குறை சொன்னான். என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியவர் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையில் காலை வைத்து, "இப்பிடி மிதிக்கணும். இவ பாதி மிதிச்சு வச்சுக்கிட்டே ஓட்டுதா. பெறகு கியர்பாக்ஸ் என்னத்துக்கு ஆகும்?" என்று வந்தவர்களுக்கெல்லாம் செய்து காட்டினார். எனக்கே சந்தேகம் வந்து, இட்லி அவிக்கும்போதுகூட இடது காலைக் குனிந்து பார்த்திருக்கிறேன்.

கடைசியில் மெக்கானிக் மொய்தீன் பாய் ஷெட்டுக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். பாய் நல்ல மனுஷர், ஆனால் அவரும் முதலில் கேட்டது, "யாரு தங்கச்சி ஓட்டுறது? நீங்களா? ஓ" என்றுதான். அந்த 'ஓ' இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கியர் பெட்டியை வண்டிக்கு உடையவர் முன்னால்தான் திறப்பார்கள். சாக்கை விரித்து, கியர்பாக்ஸை இறக்கி வைத்து, பாய் மூடியைக் கழற்றினார். ஆயில் வரவில்லை. கருப்பாக, களி மாதிரி ஏதோ கட்டியாக வந்து விழுந்தது. ஆயில் நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை வந்தது. லேசான புளிப்போடு, ஈர மரத்தின் வாசனை.

எனக்கு அது எங்கள் அடுப்படி வாசனை. அம்மா தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்தாள். குச்சி வெட்டும்போது மிஞ்சும் மரத்தூளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவாள். தகர அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைப் போட்டு இடித்து இறுக்கி, பாட்டிலைத் திருகி உருவுவது என் வேலை. உருவும்போது தூள் சரிந்தால் முதுகில் ஒன்று விழும். எங்கள் பக்கத்தில் அந்த அடுப்பு இல்லாத வீடு அப்போது கிடையாது. பாய் வீட்டிலும் இருந்திருக்கும். கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தேன். நரநரவென்று இருந்தது.

"பாய், இது குச்சித் தூளுல்ல?"

பாய் குனிந்து பார்த்தார். அவரும் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார். "ஆமா. பல்லு தேஞ்ச பெட்டியில இதப் போட்டு ஆயில ஊத்துனா சத்தம் அமுங்கிரும். கொஞ்ச நாளைக்குத்தான். விக்கிறவனுக்கு அது போதும்" என்றார்.

"இது தெரிஞ்சிருந்தும் ஏன் பாய் மொதல்லயே சொல்லல?"

"தெரிஞ்ச வித்தைதான் தங்கச்சி. பொம்பளைக ஓட்டுற வண்டின்னதும் நெனப்பு அங்கன போகல."

உண்மையைச் சொன்னார் என்பதற்காக அவரை மன்னித்தேன். மற்றவர்களை மன்னிக்கவில்லை. பெட்டியைச் சரிசெய்ய அவர் சொன்ன தொகை, கார் வாங்கின விலையில் பாதிக்கு மேல். ஒரு பிடி தூளைக் காலண்டர் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு தரகரிடம் போனேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த ஊர்ல தூளுக்கா பஞ்சம்? எல்லா வண்டியிலயும்தான் கெடக்கும். ஆம்பளை ஓட்டியிருந்தா இன்னும் ரெண்டு வருசம் ஓடியிருக்கும்" என்றார். பொட்டலத்தைத் திரும்ப மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் யோசித்தார். எனக்காகத்தான் யோசிக்கிறார் என்று நினைத்தேன். "அப்ப ஒண்ணு செய்வோம். அதே மாதிரி தூளப் போட்டு, அதே தரகர் மூலமா தள்ளிவிட்டுருவோம்" என்றார்.

தரகரே ஆள் விட்டுத் தூளைப் போட்டுப் பெட்டியை மாட்டினார். வாங்க ஆளும் வந்துவிட்டது. வெம்பக்கோட்டைப் பக்கத்துக்காரர். பட்டாசு கம்பெனியில் போர்மேன். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண் யாரும் பார்க்காதபோது காரின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தரகர் இன்ஜினை ஓடவிட்டு, "சத்தம் கேக்குதா பாருங்க" என்றார். விற்பதற்கான பாரத்தில் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள்.

"நான் போட மாட்டேன். பெட்டி நெறைய தூளு கெடக்கு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்தப் பெண் காரிலிருந்து சட்டென்று கையை எடுத்துவிட்டாள். போர்மேன் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். வீட்டுக்காரர் தை வரைக்கும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ரிப்பேருக்குப் பணம் புரளவில்லை. வண்டி தெருவோரத்திலேயே நின்றது. தீபாவளி நெருங்கியபோது முதலாளி கூப்பிட்டு, "நீங்க ஆபீசுலயே இருங்கம்மா. வெயில்ல அலைய வேண்டாம்" என்றார். எவ்வளவு கனிவாகச் சொன்னார் தெரியுமா, அதற்கே தனியாகக் கோபப்பட வேண்டும். என் லைனை வேறொருவர் எடுத்துக்கொண்டு பைக்கில் போனார். நான் ஓய்வு பெறும்வரை ராகுகாலம் பார்த்தேன். காரின் பின்சீட்டில் கோழி முட்டையிட்டது. பிறகு எடைக்குப் போட்டோம்.

காரும் லைனும் போனதுகூடப் பரவாயில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார்: "இவ ஒரு காரு ஓட்டுனா பாருங்க, கியர்பாக்ஸே பொடிப்பொடியாப் போச்சு." எல்லாரும் சிரிப்பார்கள். கதையில் நான் வருவேன், என் கால் வரும், பாய்கூட வருவார். தூளை மட்டும் விட்டுவிடுவார். அவர் இப்போது இல்லை. இல்லாதவரைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். அவர் இருந்தபோதும், இதே குரலில், அதே பந்தியிலேயே சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை.

சாம்பல் நிறக் காருக்கு வருகிறேன். மகள் ஓட்ட, நான் பக்கத்தில், தம்பி பின்னால். மேம்பாலம் ஏறும்போது மகள் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றினாள். விழவில்லை. மறுபடி தள்ளினாள். கறகறவென்றது.

"என்னங்க, கியர் விழ மாட்டேங்குது?"

தம்பி யோசிக்கவே இல்லை. "லேடீஸ் ஓட்டுனதுல்ல மேடம், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். கிளட்ச்ச முழுசா மிதிங்க."

கொட்டகையில் விலையை ஏற்றியவளும் அந்த 'லேடீஸ்'தான், பாலத்தில் கியரைக் கெடுத்தவளும் அவள்தான்.

பாலம் இறங்கியதும், "ஓரமா நிப்பாட்டும்மா" என்றேன். தம்பியிடம், "கியர்பாக்ஸத் தெறந்து காட்டச் சொல்லுங்க" என்றேன்.

"இப்பல்லாம் அத யாரு மேடம் திறக்குறா? போச்சுன்னா முழுசாக் கழட்டிட்டு வேற மாட்டுறதுதான். வேணும்னா ரேட்டு கேட்டுச் சொல்றேன்." போனில் கேட்டு அவன் சொன்ன விலைக்கு எங்கள் வெள்ளைக் காரையே வாங்கிவிட்டு மிச்சமும் வைத்திருக்கலாம்.

தூள் அடுப்பு போய்விட்டது. பாய் ஷெட் இருந்த இடத்தில் பட்டாசு கிப்ட் பாக்ஸ் விற்கிறார்கள். ஆல்பமே இப்போது போனில் போய்ச் சேர்ந்துவிடுகிறது, யாரும் சுமப்பதில்லை. இதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. பெட்டியை உடையவர் முன்னால் திறக்க விரித்த அந்தச் சாக்கு போய்விட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என் கையில் ஒரு பிடி தூளாவது இருந்தது. இந்தச் சாம்பல் நிறக் காரை ஓட்டியவள் எந்த ஊரோ, யார் பெற்ற பெண்ணோ, அவள் கையில் என்ன இருக்கிறது?

சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நானும் மகளும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். என் இடது கால் வலித்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுக இல்லாத கிளட்ச்சை முழுசாக மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.